ஐந்தாவது கடலை

இத்தோவின் இரண்டு கால்களுக்கும் சேர்த்து மீமூன் சொன்ன விலை: கொம்பு முறுக்கிய செம்மறிக் கிடா இரண்டு, ஓடுகிற நிலையில் ஒரு ஃப்ரிட்ஜ்.

“ஃப்ரிட்ஜ் எந்த வருஷத்துது?” என்று கேட்டார் பாஸ்ஸூ.

“என் ரெண்டாவது பொண்ணு பொறந்த வருஷம்.”

“அவளுக்கே கல்யாணம் ஆயிடுச்சேய்யா.”

“அவளும் நல்லாத்தான் இருக்கா, ஃப்ரிட்ஜும் நல்லாத்தான் இருக்கு. சத்தம்தான் ரெண்டுக்கும் கொஞ்சம் ஜாஸ்தி.”

இருபத்தாறு வருடமாக இந்த வியாபாரம் நடக்கிறது, ஒரு தடவையும் படிந்ததில்லை. மேட்டுப் பள்ளியில் விளையாட்டு வாத்தியார் பாஸ்ஸூ நன்றாக ஓடுகிற ஒரு பிள்ளையை உருவாக்கினால் ஆற்றங்கரைப் பள்ளி வாத்தியார் மீமூன் வந்து விலை கேட்பார். மீமூனிடம் ஒன்று கிளம்பினால் பாஸ்ஸூ போய்ப் பல்லைப் பிடித்துப் பார்க்காத குறையாக ஆராய்ந்துவிட்டு, பாதி விலைக்குக் கேட்பார். பாஸ்ஸூவின் அப்பா ஞாயிற்றுச் சந்தையில் கம்பளி விற்றவர். மீமூனின் தம்பிக்கு ஆலிவ் கடை; பள்ளி விட்டதும் மீமூன் அங்கே தராசுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். இருவருக்கும் பேரம் பேசாமல் காலை வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது.

ஆனால் அன்று பாஸ்ஸூவுக்குப் பேரத்தில் மனம் ஒட்டவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தது. மாகாணப் பள்ளிகளின் நெடுந்தூர ஓட்டத்தை நடத்துவது இந்த வருடம் அவர் பள்ளி முறை. சந்தைத் திடலுக்கு மேலே இருக்கும் மேய்ச்சல் மேட்டில் ஆயிரம் மீட்டர் சுற்றுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டது அவர். தேவதாரு நிழலில் உருகாமல் கிடந்த பனியை மண்வெட்டியால் ஒதுக்கியதும் அவர். முடிவுக் கோட்டுக்கு அப்பால், வந்து சேர்கிறவர்களை ஒருவர் பின் ஒருவராக நிறுத்த இரண்டு பக்கமும் கயிறு கட்டி வழி அமைத்ததும் அவர்தான். முழங்கால் இப்போது தனியாகப் பேச ஆரம்பித்திருந்தது. முப்பத்தொரு வருட வேலை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ‘இதோடு போதும்’ என்று சொல்லிக்கொள்வார். மார்ச்சில் எவளோ ஒருத்தி பள்ளி வாசலில் பேருந்தைத் துரத்திப் பிடிப்பதைப் பார்த்துத் தொலைப்பார். இத்தோவை அப்படித்தான் பிடித்தார். பேருந்தை அவள் பிடிக்கவில்லை, முந்திவிட்டாள்.

இத்தோவுக்குப் பதினெட்டு. பள்ளியில் கடைசி வருடம். தலைநகரில் ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதி இருக்கிறது: படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்த மாகாணத்திலிருந்து ஒரு பெண்ணுக்கு ஒரு கட்டில். இன்றைய ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவளுக்கு. கிடைக்கவில்லையென்றால் ஜூன் முடிந்ததும் இத்தோ மெக்னெஸ் நகரத்துக்குப் போய்ப் பெரியம்மா மகளோடு தையல் பட்டறையில் காலர் தைப்பாள். அவள் அப்பா ஏற்கெனவே பட்டறைக்காரரிடம் பேசி வைத்துவிட்டார். மகளை ஓட விடமாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, “ஓடி எங்கே போய்ச் சேரும்?” என்றுதான் கேட்டார். பாஸ்ஸூ இரண்டு வருடமாக அதற்குப் பதில் தயாரித்துக்கொண்டிருந்தார்.

விடுதியிலிருந்து ஆள் தேர்வுக்கு வந்திருந்தவள் பஹீஜா. ஒரு காலத்தில் தானும் இதே மாதிரி மேடுகளில் ஓடியவள். கணவாய் பனியில் மூடுவதற்குள் திரும்ப வேண்டும் என்று வந்ததிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கணவாய்தான் முதல் கோளாறைச் செய்தது. சுற்று எண்ண வேண்டிய கணித ஆசிரியர் அதற்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். எல்லாரும் மரியாதைக்கு ‘ஸீ’ சேர்த்துக் கூப்பிடும் தலைமை நடுவர் துஹாமி காதில் தொலைபேசியோடு வந்து கையை விரித்தார்.

“பாஸ்ஸூ, பொண்ணுங்க ஓட்டத்துக்கு நீயே எண்ணி மணி அடிச்சிடு.”

“என் பொண்ணு ஓடுறா ஸீ துஹாமி. வேற யாராவது பாருங்க.”

“யாரைப் பார்க்க? போன வருஷம் ஒருத்தர் எண்ணி ஒரு பையன் ஆறுக்குப் பதிலா ஏழு சுத்து ஓடினான். இன்னும் அவங்கம்மா என்னோட பேசுறதில்ல.” துஹாமி திரும்பினார். “மீமூன், உனக்கு ஆட்சேபம் உண்டா?”

ஆட்சேபம் இருந்தால் மீமூனுக்குத்தான் இருக்க வேண்டும். இத்தோவை முந்தக்கூடிய ஒரே பெண், பதினாறு வயது ஷாமா, அவருடைய பிள்ளை.

“இந்தாள் கணக்குல ஒரு ஈகூடத் தப்பிக்காது,” என்றார் மீமூன். “மத்ததுல எல்லாம் திருடன்தான். எண்ணுறதுல சுத்தம்.”

பாஸ்ஸூ எண்ணும் முறை ஊருக்கே தெரியும். எத்தனை சுற்றோ அத்தனை வறுத்த கொண்டைக்கடலை, கம்பளி அங்கியின் இடது பையில். முன்னணியில் வருபவர் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒன்று வலது பைக்கு மாறும். இடது பையில் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கும்போது மணி: இதுதான் கடைசிச் சுற்று என்று அர்த்தம். எழுதினால் மழையில் கரையும், விரலை மடக்கினால் குளிரில் மறக்கும், கடலை ஏமாற்றாது என்பார். மணியும் சந்தையில் வாங்கியதுதான். கிடாவின் கழுத்தில் கட்டுகிற செம்பு மணி.

இதனாலேயே அவர் பிள்ளைகள் யாரும் சுற்று எண்ணுவதில்லை. “எண்ணுறது என் வேலை, ஓடுறது உன் வேலை” என்று சொல்லியே வளர்த்திருந்தார். எண்ணுகிற மூளை காலிலிருந்து ரத்தத்தை எடுக்கிறது என்பது அவருடைய விஞ்ஞானம். மீமூனின் விஞ்ஞானம் வேறு. தராசுக்குப் பின்னால் உட்காருகிற மனிதர்; எவன் சொல்கிற எடையையும் நம்பாதவர். அவர் பெண்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு, ஏதோ வேண்டுதல் மாதிரி ஓடுவார்கள்.

ஐந்து சுற்று. பாஸ்ஸூ கடலைக்காரனிடம் உப்புக் கடலை ஒரு பொட்டலம் வாங்கினார். ஐந்தை எண்ணி இடது பையில் போட்டார். மிச்சத்தை, காலையிலிருந்து எதுவும் இறங்காத வயிற்றுக்குக் கொடுத்தார். பெண்கள் கோட்டில் வந்து நிற்பதற்குள் பொட்டலம் காலி. வாய் மட்டும் இன்னும் கடலை நினைப்பிலேயே இருந்தது.

முதல் சுற்று கூட்டமாக வந்தது. ஒரு கடலை மாறியது. இரண்டாவதில் இத்தோவும் ஷாமாவும் பிரிந்து முன்னால் வந்தார்கள். இத்தோவின் மூச்சு சேற்றிலும் தடம் மாறாமல் வந்தது. இரண்டாவது கடலை மாறியது. அப்போதுதான் பஹீஜா பக்கத்தில் வந்து நின்றாள்.

“உஸ்தாத், உங்க பொண்ணு எது?”

“முன்னாடி போறவ.”

“தோளை இறக்கி ஓடுறா. யார் சொல்லிக் கொடுத்தது?”

“விறகுக் கட்டு சொல்லிக் கொடுத்தது. சுமந்து சுமந்து அப்படி ஆயிடுச்சு.”

பஹீஜா சிரித்தாள். “எனக்கும் அதே வாத்தியார்தான்.”

முப்பத்தொரு வருடத்தில் தேர்வுக்கு வந்த யாரும் அவரிடம் இப்படிச் சிரித்ததில்லை. பாஸ்ஸூ அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார். கட்டில், போர்வை, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தடம் என்று எல்லாம் கண் முன்னால் வந்தது. இத்தோவின் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்கூட முழுதாக வந்துவிட்டது. கை அதன் பாட்டுக்கு ஏதோ வேலை செய்துகொண்டிருந்தது.

மூன்றாவது முறை இத்தோ கோட்டைத் தாண்டினாள். பின்னால் ஐந்து மீட்டரில் ஷாமா. பாஸ்ஸூ ஒரு கடலையை மாற்றினார். இடது பைக்குள் விரல் துழாவியது. ஒன்றே ஒன்று இருந்தது. மணியை அடித்தார்.

இத்தோ தலையைத் திருப்பவில்லை. மணி கேட்டதும் அவள் முதுகில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. கடைக்காரர் கடைசி விலையைச் சொல்லும்முன் நிமிர்ந்து உட்காருவாரே, அந்த மாதிரி. வேகம் எடுத்தாள். ஷாமா மடக்கிய விரல்களைப் பார்த்தாள், மணியைத் திரும்பிப் பார்த்தாள், தன் வேகத்திலேயே போனாள்.

ஷாமா ஏன் விட்டுவிட்டாள் என்று பாஸ்ஸூ யோசித்தார். யோசிக்கும்போது நாக்கு கடைவாய்ப் பல்லிடுக்கில் எதையோ நெருடியது. உப்பு. பொட்டலம் காலியாகிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். இந்த உப்புக்கு இன்னும் வயதாகவில்லை.

வலது பையை வெளியே இழுத்துப் பார்த்தார். மூன்று. இடது பையில் ஒன்று. ஆக நாலு.

தடத்தில் இறங்கி அவர் ஓட ஆரம்பித்தபோது, ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியுமானால், இத்தோ சரிவின் உச்சியில் தெரிந்தாள். பின்னால் நாற்பது மீட்டருக்கு யாரும் இல்லை. “இன்னும் ஒண்ணு இருக்கு, நிக்காத” என்று கத்தினார். கூட்டம் கத்திய கத்தலில் அது காற்றோடு போயிற்று. இருந்ததையெல்லாம் கோட்டிலேயே செலவழித்துவிட்டுக் கயிற்று வழிக்குள் போய் முழங்காலில் விழுந்தாள் இத்தோ. ஷாமா வந்தாள், கோட்டைத் தாண்டி, வழிக்குள் போகாமல் பக்கவாட்டில் ஒதுங்கி, ஐந்தாவது சுற்றுக்குப் போனாள். மீமூனின் மற்றப் பெண்களும் அவள் பின்னால் போனார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் நின்றார்கள், பாதிப் பேர் ஓடினார்கள். யாரோ இத்தோவைத் தூக்கித் திரும்பவும் தடத்தில் விட்டார்கள். கால் இரண்டும் அவளுடையதல்ல என்பது மாதிரி ஓடி, பதினோராவதாக வந்தாள். ஷாமா முதலாவது.

விளையாட்டுச் சாமான் அறையில் ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தார்கள். துஹாமி விதிப்புத்தகத்தைத் திறந்தார். மடித்துக் கிழிந்த ஒரு பக்கத்தை விரலால் ஓட்டி வாசித்தார். மணியை அடித்தவரே அது தவறான சுற்றில் அடித்தது என்று எழுதிக் கொடுத்தால், ஓடியவர்கள் மணியை நம்பியது குற்றமில்லை. மணிக்கு அடுத்த சுற்றின் முடிவே ஓட்டத்தின் முடிவு. அதாவது நாலாவது சுற்று. அதாவது இத்தோ முதல், ஷாமா இரண்டு. எழுதிக் கொடுத்தவர் அதன் பிறகு இரண்டு பருவத்துக்கு எந்தப் பள்ளி ஓட்டத்துக்கும் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது.

“ரெண்டு பருவம்,” என்றார் பாஸ்ஸூ. “அதுக்குள்ள நான் ஓய்வு ஆயிடுவேன்.”

“தெரியும்.” துஹாமி குரலை இறக்கினார். “வேற ஒரு வழி இருக்கு. சரிவுல ஆடு மேய்ஞ்சுது. எல்லாரும் பார்த்தோம். உன் மணியும் ஆட்டு மணி. நீ அடிக்கல, கிடா தலையை ஆட்டிச்சு, புள்ளைங்க ஏமாந்துட்டாங்கன்னு நான் எழுதிடுறேன். வெளிச் சத்தத்துக்கு யாரும் பொறுப்பில்ல. முழுத் தூரம் ஓடினவங்க ஓடினவங்கதான். முப்பத்தொரு வருஷப் பேரு. ஒரு கடலைக்காகவா?”

மீமூன் ஒன்றும் சொல்லவில்லை. விலை தன் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்போது வியாபாரி பேசமாட்டான் என்பது பாஸ்ஸூவுக்குத் தெரியும்.

“எனக்கு ஒரு காகிதம் வேணும்,” என்றாள் பஹீஜா. “காகிதத்துல முதல் பேரு யாரோ, அவளுக்குத்தான் கட்டில். ரெண்டு பேரும் ஓட்டக்காரிங்கதான், கண்ணு இருக்கு எனக்கு. ஆனா ஒரு கட்டில்தான் தந்திருக்காங்க. இன்னும் அரை மணியில நான் கிளம்பியாகணும்.”

“மறுபடி ஓட விட்டா?” என்று கேட்டார் துஹாமி.

“ஒருத்தி நாலுலயே எல்லாத்தையும் கொட்டிட்டா, ஒருத்தி அஞ்சு ஓடிட்டா. இப்ப ஓட விட்டா யாரு நல்லாத் தூங்கினாங்கன்னுதான் தெரியும்.”

பாஸ்ஸூ கொஞ்சம் காற்று வேண்டும் என்று வெளியே வந்தார். சுவரோரம் இரண்டு பெண்களும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து ஒரு ரொட்டியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய பாதி யாருக்கு என்று சண்டை. அவரைப் பார்த்ததும் நின்றது.

“நான் எண்ணினேன் உஸ்தாத்,” என்றாள் ஷாமா. “அஞ்சும் எண்ணினேன். அதனாலதான் நாலுல விரட்டல. விரட்டியிருந்தா பிடிச்சிருப்பேன்.”

“பிடிச்சிருக்க மாட்டே,” என்றாள் இத்தோ, வாயில் ரொட்டியோடு.

“பிடிச்சிருப்பேன்.”

“கனவுல.”

“நீ எண்ணியிருக்கலாமேம்மா,” என்றார் பாஸ்ஸூ இத்தோவிடம். சொன்னவுடனே அந்த வார்த்தைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்று இருந்தது.

இத்தோ அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “நீங்கதானே வேணாம்னீங்க. நீங்க அடிக்காம விட்டிருந்தா ஆறாவது சுத்தும் ஓடியிருப்பேன்.”

உள்ளே திரும்புகிற பத்தடியில் பாஸ்ஸூ கணக்குப் பார்த்தார். கிடா மேல் பழி போட்டால் இத்தோ மெக்னெஸ் போகிறாள். தவறு என்று எழுதினால், தப்பே செய்யாமல் ஐந்தையும் எண்ணி ஓடிய ஷாமா கட்டிலை இழக்கிறாள். உண்மையைச் சொன்னால் தன் பள்ளிக்கு லாபம். நாளைக்குச் சந்தையில் ‘கிழவன் வேண்டுமென்றே முன்னால் அடித்தான்’ என்று பேசுவார்கள். எண்ணாதே என்று வளர்த்த பெண்ணுக்கு ஏற்ற மாதிரி மணி அடித்தான் என்பார்கள். அப்படி இல்லை என்று சத்தியம் செய்யலாம். ஆனால் அந்த நேரத்தில் கண் முன்னால் நின்றது இத்தோவின் கட்டில்தானே. கையை அவர் கவனிக்கவில்லை. கவனிக்காத கை யாருக்காக வேலை செய்தது என்று எந்தத் தராசிலும் நிறுத்துப் பார்க்க முடியாது.

இரண்டு விலைச்சீட்டிலும் ஒரு பெண் தோற்கிறாள். ஒன்றில் மட்டும்தான் அவரும் சேர்ந்து தோற்கிறார். அப்பா கம்பளி விற்கும்போது, எடை தவறிப்போனால் வாங்கியவரிடம் வாதாட மாட்டார். தன் பக்கத் தட்டிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து வைப்பார். பாஸ்ஸூவுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

“காகிதத்தைக் கொடுங்க,” என்றார்.

‘மூன்றாவது சுற்றின் முடிவில் நான் மணியை அடித்தேன். நாலாவதில் அடித்திருக்க வேண்டும். தவறு என்னுடையது.’ கையெழுத்துப் போட்டார். துஹாமி முத்திரையைத் தேடுவது போல வெகு நேரம் மேசை இழுப்பறைக்குள் கை விட்டுக்கொண்டிருந்தார். பஹீஜா இத்தோவின் பெயரை எழுதிக்கொண்டாள். வாசலுக்குப் போனவள் திரும்பி, “அந்தச் சின்னவ பேரு என்ன சொன்னீங்க?” என்று மீமூனிடம் கேட்டு, அதையும் வேறு ஒரு பக்கத்தில் எழுதினாள். எதற்கு என்று சொல்லவில்லை. வண்டி கணவாய்ப் பக்கம் போனது.

கயிறுகளை அவிழ்க்கும்போது மீமூன் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டினார். இருபத்தாறு வருடத்தில் அவர் கயிறு சுருட்டிப் பாஸ்ஸூ பார்த்ததில்லை.

“நீ மென்னுக்கிட்டு இருந்ததை நான் பார்த்தேன்,” என்றார் மீமூன்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“பல்லு வலிக்குதோன்னு நெனச்சேன். உன் வயசுக்கு.”

மீமூன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

“என் வயிறு எரியுது பாஸ்ஸூ. நீ பொய் சொல்லியிருந்தா உன்ன நாலு பேரு முன்னால வெச்சுத் திட்டியிருப்பேன். இப்ப திட்டவும் வழியில்லாம பண்ணிட்ட. அந்தப் புள்ளைகிட்ட நான் என்னன்னு சொல்றது? சரியா எண்ணினியேம்மா, அதனாலதான் தோத்தேன்னா?”

பாஸ்ஸூ கடைசி முளையைப் பிடுங்கினார்.

“அவளுக்கு அடுத்த வருஷம் இருக்கு,” என்றார் மீமூன், தனக்கே விலை குறைத்துக்கொள்வது போல. “உன் பொண்ணுக்கு இல்ல. அந்த ஒண்ணுதான் சமாதானம்.” கயிற்றுச் சுருளைப் பாஸ்ஸூவின் தோளில் மாட்டிவிட்டார். “ஃப்ரிட்ஜ் பேச்சு வாபஸ். கிடாவும் கிடையாது.”

“நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?”

“அதான். இனிமே கேட்கவும் மாட்டேன்.”

மீமூன் தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். ஷாமா திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையின் ஐந்து விரல்களும் இன்னும் மடங்கியே இருந்தன.

வெறும் மேட்டில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பாஸ்ஸூ நோட்டை எடுத்தார். முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு ஓட்டம் முடிந்த பிறகும் எழுதுகிற நோட்டு. முழங்காலை நீட்டிக்கொண்டு, பைகளிலிருந்ததைக் கல்லின் மேல் கொட்டி எண்ணிவிட்டு எழுதினார்:

சுற்று ஐந்து. மணி மூன்றில்.
கடலை: வலது பை மூன்று, இடது பை ஒன்று, வயிறு ஒன்று. ஆக ஐந்து. சரி.
இத்தோ: கட்டில் ஒன்று.
எனக்கு: இரண்டு பருவம். கட்டியாயிற்று.
ஷாமாவுக்கு: ஒரு சுற்று. பாக்கி.